ஃபேன்டசி ஹாக்கி டிராஃப்ட்: பெரிய பெயர்களை மட்டும் எடுத்தால் ஜெயிக்க முடியுமா? பட்டியல் போடும் கணக்கு என்ன?

செப்டம்பர் 25, 2025. அமெரிக்காவின் ஃபுளோரிடா பாந்தர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி புது சீசனுக்கான முதல் பயிற்சியில் இறங்கிய நாள். அன்றைக்கே அணியின் கேப்டன் அலெக்சாண்டர் பார்கோவ் முழங்கால் காயத்துடன் வெளியேறினார். மறுநாள் அறுவை சிகிச்சை. திரும்பி வர 7 முதல் 9 மாதம் ஆகும் என்று அணி அறிவித்தது. லீக் சுற்று அக்டோபர் 7ஆம் தேதி தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிவதாக இருந்தது. அதாவது, அந்தச் சுற்று முழுக்கவே அவர் இல்லை.

2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு வருடம் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணிக்கு இது பேரிடி. ஆனால் அந்தச் செய்தி வந்ததும் தலையில் கை வைத்தது அந்த அணி மட்டுமில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும், செப்டம்பர் மூன்றாவது வாரத்திலேயே ஃபேன்டசி டிராஃப்ட்டை முடித்து, பார்கோவைத் தங்கள் கற்பனை அணியில் எடுத்து வைத்திருந்தவர்களும்தான். டிராஃப்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

பெரும்பாலான டிராஃப்ட்டுகள் சீசன் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் நடக்கின்றன. இதில் யாரை எடுப்பது, எப்போது எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபேன்டசி ஹாக்கி என்றால் என்ன?

முதலில் ஒரு விஷயம். ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புல்தரையும், தன்ராஜ் பிள்ளையும். வட அமெரிக்காவில் ஹாக்கி என்றால் பனித்தரையில், பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லையை வைத்து ஆடும் ஐஸ் ஹாக்கி. அதன் உச்ச லீக் என்.ஹெச்.எல். மொத்தம் 32 அணிகள், 2025-26 சீசனில் ஒவ்வொரு அணிக்கும் லீக் சுற்றில் 82 ஆட்டங்கள்.

ஃபேன்டசி என்ற சொல் நமக்குப் புதிதில்லை. கிரிக்கெட்டில் காலையில் 11 பேரை எடுத்து, ராத்திரி ரிசல்ட் பார்க்கும் ஆட்டத்தை பலரும் ஆடியிருக்கிறார்கள். ஆனால் இது வேறு. 10 அல்லது 12 நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக் தொடங்குவார்கள். ஒரே ஒரு நாள் டிராஃப்ட். அதில் எடுத்த ஆட்களை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்ட வேண்டும். நடுவில் ஆள் மாற்றலாம், இன்னொருவரோடு வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஆனால் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு வீரர் ஒருவருக்கு மட்டும்தான். கானர் மெக்டேவிட்டை ஒருவர் எடுத்துவிட்டால் மற்ற 11 பேருக்கும் அவர் கிடையாது.

டிராஃப்ட் எப்படி நடக்கும்? தெருவில் கிரிக்கெட் ஆட டீம் பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சா பூ த்ரீ போட்டு, ரெண்டு கேப்டன்கள் மாத்தி மாத்தி ஆள் எடுப்பார்கள் இல்லையா? அதேதான், இங்கே 12 கேப்டன்கள். முதல் சுற்றில் 1ல் இருந்து 12 வரை போகும் வரிசை, இரண்டாவது சுற்றில் 12ல் இருந்து 1க்குத் திரும்பும். இப்படி வளைந்து வளைந்து போவதால் இதற்கு ஸ்னேக் டிராஃப்ட் என்று பெயர். முதல் ஆளை எடுத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24வது இடத்தில்தான் வரும். கடைசியில் இருப்பவர் 12, 13 என்று அடுத்தடுத்து இரண்டு பேரை எடுத்துவிட்டு, 36வது வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஐ.பி.எல். ஏலம் மாதிரி பட்ஜெட் வைத்து எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் நண்பர்கள் வட்டத்தில் ஸ்னேக் முறைதான் சகஜம்.

இந்த வகை ஆட்டத்துக்கு இன்றைய வடிவம் கிடைத்தது 1980ல், பேஸ்பாலில். அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் 'ரோட்டிஸரி' என்ற உணவகத்தில் கூடி ஆடத் தொடங்கியதால், அந்த முறைக்கு இன்றும் ரோட்டிஸரி என்றே பெயர். கனடாவில் அலுவலகத்துக்கு அலுவலகம் 'ஹாக்கி பூல்' நடத்துவது பழைய வழக்கம். டொராண்டோ பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களில் ஐஸ் ஹாக்கி விதிகளே தெரியாமல் இதில் பெயர் கொடுத்துவிட்டு, அப்புறம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

இந்தியாவில் ஆடலாமா?

இந்தக் கேள்விக்கு இப்போது தெளிவான பதில் தேவைப்படுகிறது. ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டு எதுவாக இருந்தாலும் தடை. அது திறமை சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற பழைய வாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியதும், இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியில் இருந்து அதன் பெயர் போனதும் இதன் தொடர்ச்சிதான்.

ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. பணம் கட்டாமல் நண்பர்களுக்குள் ஆடும் இலவச லீக்கையும் இது தொடவில்லை. ஆனால் 'காசு இல்லை, காயின்தான்' என்று சொல்லும் ஆப்களிடம் கவனம் தேவை. பணம் கொடுத்து வாங்கும் காயின், டோக்கன், கிரெடிட் எல்லாமே பந்தயப் பணம்தான் என்கிறது சட்டம். சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

கனடாவில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவின் மீது பந்தயம் கட்டுவது 2021 ஆகஸ்டில் சட்டபூர்வமானது. ஒன்டாரியோ மாகாணம் 2022 ஏப்ரலில் தனியார் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. ஆறு மாதம் ஓடும் நண்பர்கள் லீக்கும், ராத்திரிக்கு ராத்திரி பணம் வைக்கும் பந்தயமும் ஒரே போனில், பக்கத்துப் பக்கத்து ஆப்பில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றில்லை என்பதை மறந்தால் பர்ஸ் பதில் சொல்லும்.

சரி, டிராஃப்ட்டுக்கு வருவோம்.

முதலில் படிக்க வேண்டியது வீரர்கள் பட்டியலை இல்லை

புதிதாக ஆடுபவர்கள் முதலில் தேடுவது 'டாப் 200 வீரர்கள்' பட்டியலை. அனுபவசாலிகள் முதலில் திறப்பது தங்கள் லீக்கின் விதிகள் பக்கத்தை. எதற்குப் புள்ளி என்பது லீக்குக்கு லீக் மாறும்.

சில லீக்குகளில் கோலுக்கு இத்தனை, அசிஸ்ட்டுக்கு இத்தனை என்று நேரடியாகப் புள்ளி. வேறு சில லீக்குகளில் பிரிவுகள். கோல், அசிஸ்ட், ஷாட், பவர் பிளேயில் எடுத்த புள்ளி, ஹிட் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எதிராளியை முந்த வேண்டும். இதில் ஹிட் என்பது பக்கை வைத்திருக்கும் எதிரணி வீரரை உடம்பால் மோதித் தடுப்பது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும். அப்போது வான்கூவர் அணியில் இருந்த கீஃபர் ஷெர்வுட். 2024-25 சீசனில் அவர் எடுத்தது 19 கோல், மொத்தம் 40 புள்ளிகள். சாதாரணம். வெறும் கோல், அசிஸ்ட் மட்டும் எண்ணும் லீக்கில் அவரைக் கடைசிச் சுற்றில்கூட யோசித்துத்தான் எடுப்பார்கள். ஆனால் அதே சீசனில் அவர் செய்த ஹிட்கள் 462. என்.ஹெச்.எல். கணக்கெடுக்கத் தொடங்கியதில் இருந்து ஒரு சீசனில் இதுதான் அதிகம். இதற்கு முந்தைய சாதனையே 386தான். ஹிட்டுக்குத் தனிப் பிரிவு இருக்கும் லீக்கில், அந்த ஒரு பிரிவை ஏறக்குறைய ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துகிறார். ஒரே மனிதர், ஒரே சீசன். ஒரு லீக்கில் பெஞ்ச், இன்னொரு லீக்கில் நடுச்சுற்றுகளில் அடித்துப் பிடித்து எடுக்க வேண்டிய ஆள்.

பிளஸ்-மைனஸ் என்றொரு பிரிவும் உண்டு. களத்தில் இருக்கும்போது சொந்த அணி கோல் போட்டால் பிளஸ், வாங்கினால் மைனஸ். கூட ஆடுபவர்களும் கோலியும் சொதப்பினால் இவர் கணக்கில் விழும். இதைக் கணித்து ஆள் எடுப்பது கிட்டத்தட்ட லாட்டரி. பலமான அணியின் வீரரா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

யார் சிறந்தவர் என்பதைவிட, அவருக்குப் பின்னால் யார் மிச்சம்?

டிராஃப்ட்டின் மையமே இதுதான். பெரும்பாலானவர்கள் தோற்பதும் இங்கேதான்.

பொதுவான ஒரு லீக்கில் ஒவ்வொருவருக்கும் 2 சென்டர், 2 இடது விங், 2 வலது விங், 4 டிஃபென்ஸ், 2 கோலி என்று இடங்கள் இருக்கும். மேலே நான்கு பெஞ்ச். ஆக 16 சுற்று. 12 பேர் லீக்கில் மொத்தம் 192 வீரர்கள் போய்விடுவார்கள்.

சென்டர் இடத்தில் ஆடும் நல்ல வீரர்கள் நிறைய. மெக்டேவிட், நேதன் மெக்கின்னன், லியோன் டிரைசைட்டல் என்று பெரிய பெயர்கள் பலவும் அங்கேதான். அதனால் முதல் சுற்றில் ஒருவரை விட்டாலும் ஐந்தாவது சுற்றில் ஓரளவு நல்ல சென்டர் கிடைப்பார். டிஃபென்ஸில் அப்படி இல்லை. 2024-25ல் டிஃபென்ஸ் வீரர்களில் கொலராடோவின் கேல் மக்கார் 92 புள்ளிகள். அடுத்து கொலம்பஸின் ஜாக் வெரென்ஸ்கி 82. மூன்றாவது வான்கூவரின் குவின் ஹியூஸ் 76. நான்காவது ஆளுக்கு வரும்போதே 60களுக்கு இறங்கிவிட்டது. மூன்றே படி, அப்புறம் பள்ளம்.

அதே சீசனில் ஃபார்வர்டுகளில் நிகிதா குச்செரோவ் 121, மெக்கின்னன் 116, டிரைசைட்டலும் டேவிட் பாஸ்டர்னாக்கும் தலா 106, மிட்ச் மார்னர் 102, மெக்டேவிட் 100. வெறும் எண்ணைப் பார்த்தால் 92 எடுத்த மக்கார் இவர்கள் எல்லோருக்கும் கீழே. ஆனாலும் பல டிராஃப்ட்டுகளில் அவர் முதல் சுற்றிலேயே போகிறார். காரணம், புள்ளி எண்ணிக்கை இல்லை, இடைவெளி.

புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு. கையில் இருப்பது ஒரு வாய்ப்பு. 95 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கும் சென்டர் ஒருவர், 75 எடுப்பார் என்று எதிர்பார்க்கும் டிஃபென்ஸ் வீரர் ஒருவர். யார்? 95தான் பெரியது என்று சென்டரை எடுக்கக் கை போகும். ஆனால் கடைசி வரை காத்திருந்தாலும் கிடைக்கக்கூடிய சென்டர் 65 எடுப்பார், கடைசியில் மிஞ்சும் டிஃபென்ஸ் ஆள் 38தான் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். சென்டரை முன்னால் எடுப்பதால் வரும் லாபம் 30. டிஃபென்ஸை முன்னால் எடுப்பதால் வரும் லாபம் 37. குறைந்த புள்ளிக்காரர்தான் அதிக லாபம் தருகிறார்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 1, 2, 3 என்று நேர்வரிசையாகப் பட்டியல் போடுவதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக, ஏறக்குறைய சமமானவர்களை ஒரு கட்டாகச் சேர்த்து, நடுவில் கோடு போட்டு வைக்கிறார்கள். ஒரு கட்டில் இன்னும் ஐந்து பேர் மிச்சம் இருந்தால் அவசரமில்லை, அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடுக்க வேண்டும். இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கோலி: எல்லோரையும் குழப்பும் இடம்

அணிகள் 32. ஒரு நேரத்தில் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்க முடிந்தவர் அணிக்கு ஒருவர்தான். 12 பேர் லீக்கில் ஆளுக்கு 2 கோலி என்றாலே 24 பேர் போய்விடுவார்கள். சிலர் பெஞ்ச்சுக்கு மூன்றாவது ஆளையும் எடுப்பார்கள். கணக்குப்படி பார்த்தால் கோலிதான் அரிதான சரக்கு, முதலிலேயே எடுக்க வேண்டும்.

ஆனால் கோலிகளின் ஆட்டம்தான் வருடத்துக்கு வருடம் அதிகமாக ஆடும் ஊஞ்சல். நியூயார்க் ரேஞ்சர்ஸின் இகோர் ஷெஸ்டர்கின் 2023-24ல் 36 வெற்றிகள் எடுத்தார். அந்த வருடம் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது அந்த அணி. அடுத்த வருடம் அணி சரிந்தது, பிளே-ஆஃபுக்கே போகவில்லை. ஷெஸ்டர்கினின் வெற்றிகள் 27 ஆனது. பாஸ்டனின் ஜெரமி ஸ்வேமன் 2023-24ல் வந்த ஷாட்டுகளில் 91.6 சதவீதத்தைத் தடுத்தார். ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் அடுத்த சீசனின் பயிற்சி முகாமையே தவறவிட்டார். அந்த சீசன் முடிவில் 89.2 சதவீதம். கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். 1,000 ஷாட்டுக்கு 24 கோல் கூடுதல்.

இன்னொரு பக்கம் வின்னிபெக்கின் கானர் ஹெலபக். 2024-25ல் 63 ஆட்டம், 47 வெற்றி, 92.5 சதவீதத் தடுப்பு. சிறந்த கோலி விருதோடு லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கினார். வருடா வருடம் 60 ஆட்டத்துக்கு மேல் நிற்கும் கோலிகள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான். நிறைய அணிகள் இரண்டு கோலிகளைப் பகிர்ந்து ஆட வைக்கின்றன.

ஆகவே நியாயமான வழி நடுவில் இருக்கிறது. நிறைய ஆட்டம் ஆடுவது உறுதியான ஒரு கோலியை முதல் நான்கைந்து சுற்றுக்குள் பிடித்துவிட்டு, இரண்டாவது ஆளுக்குப் பொறுமையாக இருப்பது. டிராஃப்ட்டில் ஒரு விசித்திரம் நடக்கும். யாரோ ஒருவர் கோலியை எடுத்ததும் அடுத்தடுத்து நாலு பேர் பதறிப் போய் கோலி எடுப்பார்கள். அந்த ஓட்டத்தின் கடைசியில் சேர்வதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. அந்த நேரத்தில் மற்ற இடங்களில் நல்ல ஆட்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள்.

போன வருட எண்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். எத்தனை ஆட்டத்தில்?

மினசோட்டாவின் கிரில் கப்ரிஸோவ் 2025 சீசன் தொடங்கும் முன் தலைப்புச் செய்தியானார். செப்டம்பர் 30ஆம் தேதி 8 வருடத்துக்கு 13.6 கோடி டாலர் ஒப்பந்தம். ஆனால் 2024-25 சீசன் மொத்தப் புள்ளி வரிசையில் அவரைத் தேடினால் கீழே, 56 புள்ளிகளோடு இருப்பார். அவர் ஆடியதோ 41 ஆட்டம்தான். காயம். அதே வேகத்தில் 82 ஆட்டமும் ஆடியிருந்தால் 112. மெக்டேவிட்டின் 100 புள்ளிகளும் 67 ஆட்டத்தில் வந்தவை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியவர் இருவரையும் தவறாக எடைபோட்டிருப்பார். (அந்த மெகா ஒப்பந்தம் 2026-27 சீசனில் இருந்துதான் தொடங்குகிறது. சம்பள வரம்பு வைத்து ஆடும் லீக்குகளைத் தவிர, மற்றவர்களுக்கு 2025 டிராஃப்ட்டில் அதனால் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.)

அடுத்து பார்க்க வேண்டியது, அடித்த ஷாட்டில் எத்தனை கோலாச்சு என்பது. என்.ஹெச்.எல்.லில் பொதுவாக 100 ஷாட் அடித்தால் 10ஐ ஒட்டித்தான் கோல் ஆகும். டிரைசைட்டல் மாதிரி சிலர் வருடா வருடம் இதைவிட ரொம்ப மேலே இருப்பார்கள், அது அவர்கள் கைவண்ணம். ஆனால் திடீரென்று ஒரே ஒரு வருடம் உச்சத்துக்குப் போனவர் என்றால் உஷாராக வேண்டும். பாடப்புத்தக உதாரணம் வில்லியம் கார்ல்சன். 2016-17ல் கொலம்பஸுக்கு ஆடி 6 கோல் போட்டவர், புது அணியான வேகாஸுக்குப் போய் 2017-18ல் 43 கோல் போட்டார். அந்த வருடம் அவர் அடித்த 100 ஷாட்டில் 23க்கு மேல் கோல். அடுத்த வருடம்? 24 கோல். அவர் மோசமான வீரராகிவிடவில்லை. அதிர்ஷ்டம் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். அந்த 43ஐ நம்பி ஆரம்பச் சுற்றுகளில் எடுத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

இதற்கு நேர்மாறான கணக்கும் உண்டு. டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் 2023-24ல் 81 ஆட்டத்தில் 69 கோல் போட்டார். அடுத்த சீசனில் காயத்தோடு ஆடி, 67 ஆட்டத்தில் 33. ஒரே வருடத்தில் பாதிக்கும் கீழே. உடம்பு சரியானால் பழைய மேத்யூஸைச் சற்று மலிவாகவே எடுத்துவிடலாம் என்று 2025 டிராஃப்ட்டுக்கு முன் பலரும் காத்திருந்தார்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். இத்தனை வருடம் அவர் பக்கத்தில் ஆடி, பக்கைக் கொண்டுவந்து கொடுத்த மிட்ச் மார்னர் இப்போது டொராண்டோவில் இல்லை. 2025 ஜூன் 30ஆம் தேதி வேகாஸுக்குப் போய்விட்டார். மேத்யூஸுக்குப் பக்கத்தில் இனி யார் என்பது பயிற்சி ஆட்டங்களில்தான் தெரியவர வேண்டியிருந்தது. அந்த நாட்களில் டொராண்டோ ரசிகர்கள் பயிற்சி ஆட்ட முடிவுகளைவிட, யார் யாரோடு ஆடினார்கள் என்பதைத்தான் கூர்ந்து பார்த்தார்கள். டிராஃப்ட்டுக்குத் தயாராகிறவர்களுக்கும் அதுதான் வேலை. முக்கியமாக பவர் பிளே. எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் முதலில் இறங்கும் ஐந்து பேரில் ஒருவராக இருப்பது ஒரு சுமாரான வீரரைக்கூட எங்கேயோ கொண்டுபோய்விடும்.

ஒருவர் காயம், யாருக்கு வாய்ப்பு?

பார்கோவ் இல்லை என்பது தெரிந்ததும் அவர் பெயரை அடித்துவிட்டு நகர்வது பாதி வேலைதான். 2024-25 சீசனில் 67 ஆட்டத்தில் 71 புள்ளி எடுத்தவர் ஆடிய நிமிடங்கள் காணாமல் போய்விடாது, யாரோ ஒருவருக்குப் போகும். ஃபுளோரிடாவில் அப்போது சாம் பென்னட், ஆன்டன் லுன்டெல் என்று இரண்டு சென்டர்கள் இருந்தார்கள். இருவருக்கும் பொறுப்பு கூடும் என்ற நிலை. குறிப்பாக லுன்டெல், அதுவரை பல டிராஃப்ட்டுகளில் பேச்சிலேயே இல்லாதவர், அப்போது கடைசிச் சுற்றுகளில் எடுத்துப் பார்க்கக்கூடிய பெயராகிவிட்டார். பார்கோவின் பக்கத்தில் ஆடி 2023-24ல் 57 கோல் போட்ட சாம் ரெய்ன்ஹார்ட்டுக்கு இது நேர் எதிர். அவரை ஒரு படி இறக்கி வைப்பது நியாயமாக இருந்தது.

அதே அணியின் மேத்யூ டகாச்சக் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர் 2025 டிசம்பருக்கு முன்னால் திரும்ப மாட்டார் என்று அணித் தரப்பில் சொல்லியிருந்தார்கள். காயம்பட்டவர்களை வைத்துக்கொள்ள நிறைய லீக்குகளில் தனி இடம் உண்டு, அது பெஞ்ச் கணக்கில் வராது. அப்படி இடம் இருந்தால் டகாச்சக்கைப் பின்சுற்றில் எடுத்து அங்கே வைத்துவிட்டு, ஜனவரியில் ஒரு நட்சத்திரம் கையில் கிடைத்த மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய கணக்கு. அந்த இடம் இல்லாத லீக்கில் இதே முடிவு வீண், இரண்டு மூன்று மாதம் ஒரு பெஞ்ச் செத்துக் கிடக்கும். மறுபடியும் விதிகள் பக்கம்தான்.

பார்கோவை அந்த இடத்தில் வைத்தால்? ஒரு வருட லீக்கில் பயனில்லை. ஆனால் சில வீரர்களை அடுத்த வருடத்துக்கும் தக்கவைத்துக்கொள்ளும் லீக் என்றால், கடைசிச் சுற்றில் அவரை எடுத்தவர் புத்திசாலி.

2025-26 காலண்டரில் ஒரு ஓட்டை

2014க்குப் பிறகு முதல்முறையாக என்.ஹெச்.எல். வீரர்கள் 2026 ஒலிம்பிக்கில் ஆடினார்கள். இத்தாலியின் மிலான்-கார்டினா போட்டிகளுக்காக 2026 பிப்ரவரி 6 முதல் 24 வரை லீக்கில் ஆட்டமே இல்லை. அதே 82 ஆட்டத்தை மிச்ச நாட்களுக்குள் திணிக்க வேண்டியிருந்ததால் அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் கூடின. அப்படி வரும்போது அணிகள் இரண்டு ஆட்டத்தில் ஒன்றுக்கு மாற்றுக் கோலியை இறக்குவது வழக்கம். முதன்மைக் கோலிகளின் ஆட்ட எண்ணிக்கை குறையலாம். நல்ல அணியின் இரண்டாவது கோலிக்கு அந்த சீசனில் மவுசு இருந்தது.

வயதான நட்சத்திரங்கள் பற்றியும் இங்கே யோசிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் மூச்சைப் பிடித்து ஆடிவிட்டு வந்தவரை மார்ச் கடைசியில் அணி ஓய்வு கொடுத்து உட்கார வைக்கலாம். வாரா வாரம் நேருக்கு நேர் மோதும் ஃபேன்டசி லீக்குகளில் இறுதிச் சுற்றே மார்ச்-ஏப்ரலில்தான் நடக்கும். அக்டோபரில் அள்ளிக் கொடுத்தவர் கோப்பை வாரத்தில் கோட் சூட்டோடு கேலரியில் உட்கார்ந்திருந்தால் என்ன பயன்?

இன்னொரு சின்ன சூட்சுமம். செவ்வாய், வியாழன், சனி ராத்திரிகளில்தான் பெரும்பாலான அணிகள் ஆடும். அன்றைக்கு நம் அணியில் எல்லோருக்கும் ஆட்டம் இருக்கும், ஆனால் இடம் குறைவு, சிலர் பெஞ்ச்சில் உட்கார வேண்டிவரும். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு ஆட்டங்கள் அதிகம் உள்ள அணியின் வீரர், சமமான திறமை என்றால், கூடுதலாகப் பயன்படுவார். 14வது சுற்றில் இரண்டு பெயருக்கு நடுவே தடுமாறும்போது நாணயம் சுண்டுவதற்குப் பதில் இதைப் பார்க்கலாம்.

டிராஃப்ட் அன்றைக்கு

ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம், சில லீக்குகளில் ஒன்றரை நிமிடம். அதற்குள் எடுக்காவிட்டால் ஆப் தானாகவே தன் பட்டியலில் மேலே இருப்பவரை எடுத்துக் கொடுத்துவிடும். இந்த ஆப் பட்டியல்தான் பலருடைய கையை இழுப்பதும். திரையில் மேலே தெரியும் பெயரைத் தாண்டி 30 இடம் கீழே போய் ஒருவரை எடுக்க மனசு வராது. ஆனால் அந்தப் பட்டியல் பொதுவானது, உங்கள் லீக்கின் ஹிட் பிரிவோ, நான்கு டிஃபென்ஸ் இடமோ அதற்குத் தெரியாது.

அந்தப் பட்டியலுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. எதிராளிகள் யாரை எப்போது எடுப்பார்கள் என்பதை அது ஓரளவு காட்டிக் கொடுக்கும். ஆப் வரிசையில் 120வது இடத்தில் இருப்பவரை 60வது இடத்திலேயே எடுக்க அவசியமில்லை, 100 வரை காத்திருக்கலாம். ரொம்பப் பிடித்தவர் என்றால் 90ல் எடுத்துவிடலாம், அந்தப் பதற்றத்துக்கு விலை சில இடங்கள்தான். டிராஃப்ட்டுக்கு முந்தைய நாள் ஒன்றிரண்டு ஒத்திகை டிராஃப்ட் ஆடிப் பார்த்தால், எந்தச் சுற்றில் எந்த இடம் வறண்டு போகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலான ஆப்களில் இது இலவசம்.

கடைசி இரண்டு சுற்றுகளில் எடுப்பவர்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை. அவர்களில் பாதிப் பேரை முதல் இரண்டு வாரத்துக்குள் எப்படியும் மாற்றிவிடுவார்கள். அங்கே எப்படியும் 45 புள்ளி எடுத்துவிடும் பத்திரமான மூத்த வீரரைவிட, பயிற்சி முகாமில் முதல் பவர் பிளே குழுவில் திடீரென்று இடம்பிடித்த இளைஞரை எடுப்பது நல்லது. சரிவரவில்லை என்றால் அக்டோபர் மூன்றாவது வாரம் அவரை விட்டுவிட்டு, அந்த 45 புள்ளிக்காரரை அப்போதும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எங்கேயும் போயிருக்க மாட்டார்.